ஓடுபவர் கையில் எந்தக் கடிகாரம்?

விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னரே, வடசென்னையின் மணலி ஆலைகளின் உயர்ந்த குழாய்களில் எரியும் சுடர் கீழ்வானத்தைச் செந்நிறமாக்கிக்கொண்டிருக்கும் வேளையில், மாத்தூர் எம்.எம்.டி.ஏ. காலனியின் தெருக்களில் ஷூ சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் தம்மைத் தயார் செய்துகொள்ளும் இளைஞர்கள் அவர்களில் ஒரு சாரார். சர்க்கரை என்றும் ரத்த அழுத்தம் என்றும் வைத்தியர் சொன்ன வார்த்தையால் நடக்கப் புறப்பட்டு, நடை ஓட்டமாகி, ஓட்டம் பத்துக் கிலோமீட்டராக நீண்டு, இப்போது அரை மாரத்தான் வரைக்கும் மனத்தை வளர்த்துக்கொண்டுவிட்ட நடுவயதினர் மற்றொரு சாரார். வயதிலும் வருமானத்திலும் நோக்கத்திலும் வேறுபட்ட இவ்விரு சாராரும், சில மாதங்கள் இடைவிடாமல் ஓடிய பிறகு, தம்மைவிட ஓரிரு வருஷம் அதிகமாக ஓடியவரிடம் வந்து கேட்கும் கேள்வி மட்டும் ஒன்றாகவே இருக்கிறது: "அண்ணா, எந்த வாட்ச் வாங்கலாம்ணா?"

கேள்வி சிறியதாயினும், அதற்குப் பின்னால் ஒரு மாதச் சம்பளமோ அதில் பாதியோ இருக்கிறபடியால், கடைக்காரரின் உற்சாகத்தையும் விளம்பரத்தின் ஜோடனையையும் ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தச் சாதனம் எதை அளக்கிறது, எப்படி அளக்கிறது, எந்த இடத்தில் தவறிப்போகிறது என்பதை நிதானமாக விசாரிக்க வேண்டியது அவசியமாகிறது. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பு, நாம் ஓடும் சாலையின் மேலுள்ள ஆகாயத்தையும், நம் ஓட்டம் நம்மிடம் கேட்கிற கணக்கையும் தேர்ந்து பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் பார்த்தவருக்குப் பாதிச் செலவு மிச்சம். சிலருக்கு முழுச் செலவுமே மிச்சம்.

இந்தியாவின் மாரத்தான் ஓட்டத்தில் சிவ்நாத் சிங் 2 மணி 12 நிமிஷம் என்ற சாதனையை ஜலந்தரில் நிறுவியது 1978ஆம் வருஷம். அமெரிக்க ராணுவம் தன் ஜி.பி.எஸ். திட்டத்தின் முதல் செயற்கைக்கோளை வானில் ஏவியதும் அதே வருஷத்தின் பிப்ரவரி மாதத்தில்தான். அந்தச் செயற்கைக்கோள் எதையும் அறியாமலே அவர் ஓடினார். அவர் ஓடி நிறுவிய நேரமோ நாற்பது வருஷங்களுக்கு மேல் எவராலும் அசைக்கப்படாமல் நின்றது. 1983ஆம் வருஷம் வழி தவறிய கொரிய விமானம் ஒன்று சோவியத் படையால் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்ட துயரத்துக்குப் பிறகே, இந்த ராணுவ ஏற்பாடு பொதுஜனங்களுக்கும் திறந்துவிடப்படும் என்ற வாக்குறுதி பிறந்தது. அப்படித் திறந்துவிடப்பட்டும்கூட, சாதாரண ஜனங்களுக்குக் கிடைக்கும் அளவில் சுமார் 100 மீட்டர் வரை பிழை நேரும்படி வேண்டுமென்றே ஒரு கலப்படம் செய்து வைத்திருந்தார்கள். 2000 மே மாதத் தொடக்கத்தில் அது நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய வருஷமே காசியோ நிறுவனம் ஜி.பி.எஸ். பொருத்திய முதல் கைக்கடிகாரத்தை வெளியிட்டிருந்தாலும், ஓட்டக்காரருக்கென்றே கார்மின் நிறுவனம் ஃபோர்ரன்னர் என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது 2003ஆம் வருஷத்தில்தான். இன்று மாத்தூரில் ஒருவர் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு ஓடுவது அந்த வம்சத்தின் பேரப்பிள்ளைகளில் ஒன்று.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும், தான் இருக்கும் இடத்தையும் தன் அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தையும் இடையறாது ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தி கிளம்பிய நேரத்துக்கும் கைக்கு வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டு, குறைந்தது நான்கு கோள்களின் தூரங்களை ஒன்றோடொன்று பொருத்தி, நாம் நிற்கும் இடத்தைக் கடிகாரம் நிர்ணயிக்கிறது. ஒவ்வொரு கோளும் தன் பாதையின் விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை முழுவதுமாகச் சொல்லி முடிக்கிறது. ஆகையால், சில நாட்களாகக் கைபேசியோடு இணைக்காமல் வைத்திருந்த கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, வாசற்படியிலேயே பொத்தானை அழுத்தி ஓடத் தொடங்கிவிடுகிறவருக்கு முதல் அரைக் கிலோமீட்டரின் கணக்கு தாறுமாறாகப் போவதில் ஆச்சரியமில்லை. முந்தின இரவே கைபேசியோடு இணைத்துவிட்டால், வரப்போகும் நாட்களுக்குரிய கோள்பாதைகளைக் கடிகாரம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு தெருமுனையில், மொட்டை வானத்தின்கீழ், சிக்னல் கிடைத்ததற்கான அடையாளம் தோன்றும்வரை நின்று, தோன்றிய பின்னும் ஒரு நிமிஷம் கை கால்களை உதறிக்கொண்டு காத்திருந்து ஓடினால், கடிகாரத்தின் பாதித் தவறுகள் பிறக்குமுன்னரே தீர்ந்துபோகும். இந்த உபாயத்துக்கு ஒரு பைசாச் செலவில்லை.

மீதிப் பாதித் தவறுகள் நம் ஊரின் அமைப்பிலிருந்து பிறக்கின்றன. மாத்தூரிலிருந்து கிளம்பி மஞ்சம்பாக்கம் பக்கம் 200 அடிச் சாலைக்குப் போனால், இரும்புக் கன்டெய்னர்களை நான்கைந்து அடுக்காக ஏற்றிவைத்த யார்டுகள். கிழக்கே மணலிக்குத் திரும்பினால் எண்ணெய்த் தொட்டிகளும் உலோகக் கோபுரங்களும். சாலையோரத்தில் வரிசைபிடித்து நிற்கும் ட்ரெய்லர் லாரிகள். வானத்திலிருந்து இறங்கிவரும் அந்த மெல்லிய வானொலி அலை நேரே நம் கைக்கு வருவதோடு, இந்த இரும்புச் சுவர்களின் மேலும் மோதித் திரும்பிச் சற்றே தாமதித்தும் வந்து சேர்கிறது. திருவொற்றியூர்த் தேரடியில் முழங்கும் மேளம் நாற்புறச் சுவர்களிலும் எதிரொலித்து, மேளக்காரர் எங்கே நிற்கிறார் என்று காதைக் குழப்பிவிடுவதைப் போல, நேர் அலை எது, மோதி வந்த அலை எது என்று அறியாமல் கடிகாரம் குழம்புகிறது. அந்த ஓட்டத்தின் வரைபடத்தைப் பிற்பாடு கைபேசியில் விரித்துப் பார்த்தால், நாம் சாலையின் இடது ஓரமாகவே ஓடியிருக்க, கோடு மட்டும் யார்டின் சுவரைத் தாண்டி உள்ளே புகுந்து, கன்டெய்னர்களின் மேலேறி, எதிர்ச் சாரியில் இறங்கி, மறுபடி சாலைக்கு வருவதைக் காணலாம். அந்த வளைவு நெளிவுகளையெல்லாம் கடிகாரம் நாம் ஓடிய தூரமாகவே கூட்டிக்கொள்ளும்.

மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் நீட்டிக்கப்பட்ட பின்னர், திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் பெரும்பகுதிக்கு மேலே கான்கிரீட் பாலம் ஒன்று ஓடுகிறது. அதன் நிழல் ஓடுபவருக்குச் சுகமானதே. ஆனால் தலைக்கு நேர்மேலே உள்ள கோள்களைப் பாலம் மறைத்துவிடுகிறது. அதே ஓட்டக்காரர் எண்ணூர் விரைவுச்சாலையில் ஓடினால், ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கரையும் அதற்கப்பால் கடலும் வானமுமாகத் திறந்து கிடப்பதால், மிகவும் மலிவான கடிகாரம்கூட அங்கே கோட்டை ஓரளவு நேராகவே இழுக்கும். எனவே, 'எந்தக் கடிகாரம் துல்லியமானது?' என்பதற்கு எல்லாச் சாலைகளுக்கும் பொதுவான விடை கிடையாது.

இரட்டை அலைவரிசை என்று இக்காலத்தில் விலையேற்றி விற்கப்படும் அம்சத்தின் பிரயோஜனம் இங்கேதான் விளங்கும். பழைய ஜி.பி.எஸ். கடிகாரங்கள் எல்-1 என்னும் ஒரே அலைவரிசையைக் கேட்பவை. புதியவை எல்-5 என்னும் இரண்டாவது வரிசையையும் சேர்த்துக் கேட்கின்றன. எல்-1இல் பொதுஜன உபயோகத்துக்கான குறியீட்டின் ஒவ்வொரு துணுக்கும் சுமார் 300 மீட்டர் நீளம். எல்-5இலோ 30 மீட்டர்தான். துணுக்கு குறுகக் குறுக, நேர் அலையையும் சுவரில் மோதிச் சற்றுப் பிந்தி வந்த அலையையும் பிரித்தறிவது சுலபமாகிறது. கன்டெய்னர் யார்டுகளுக்கிடையில் அன்றாடம் ஓடுகிறவருக்கு இந்த அம்சத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயமே. கடற்கரையிலும் பள்ளி மைதானத்திலும் மட்டும் ஓடுகிறவருக்கு அது வீண் செலவு என்று நான் தயங்காமல் சொல்வேன்.

நம்முடைய சொந்தக் கோள்களைப் பற்றியும் இளைஞர்கள் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும், வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பும் ராக்கெட்டின் புகைக்கோட்டை இப்பகுதியின் மொட்டைமாடிகளிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா இவர்கள்! 2013 ஜூலை 1ஆம் தேதி அங்கிருந்து முதற்கோள் ஏவப்பட்டுத் தொடங்கிய ஏற்பாடு, 2016இல் நாவிக் என்ற நாமதேயம் பெற்றது. கோள்களில் பொருத்திய வெளிநாட்டு அணுக்கடிகாரங்கள் சில பழுதுற்றும், 2017 ஆகஸ்டில் ஏவிய கோள் ஒன்று வெப்பக்கவசம் பிரியாமல் வீணாகியும் இத்திட்டம் சோதனைகளைச் சந்தித்தது. 2023 மே 29ஆம் தேதி ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 என்ற கோளில், இந்நாட்டிலேயே செய்த ரூபிடியம் அணுக்கடிகாரத்தை வைத்ததோடு, கையில் கட்டும் சிறு சாதனங்களும் கேட்கத்தக்க எல்-1 வரிசையையும் சேர்த்தார்கள். மிகுந்த பெருமைக்குரிய விஷயம். ஆயினும், நாவிக்கின் பெயர் பெரும்பாலான ஓட்டக் கடிகாரங்களின் விவரத்தாளில் இன்னும் ஏறவில்லை. ஏறியிருந்தாலும், ஜி.பி.எஸ்.ஸுடன் ருஷ்யாவின் க்ளோனாஸையும் ஐரோப்பாவின் கலிலியோவையும் கேட்கும் கடிகாரத்துக்குக் கோள்களின் எண்ணிக்கையில் பஞ்சமில்லையாதலால், அந்த ஒரு பெயருக்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இனி, கடிகாரம் காட்டும் தூரத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு வருகிறேன். பந்தயத்தில் ஓடி முடித்த எத்தனையோ பேர், 'மாரத்தான் என்று சொல்லி 42.6 கிலோமீட்டர் ஓடவைத்துவிட்டார்கள்' என்று அமைப்பாளர்மீது குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். குறை பெரும்பாலும் கடிகாரத்திலும் கால்களிலும் இருக்கிறது. சர்வதேச விதிப்படிப் பந்தயப் பாதையை அளப்பது கோளல்ல, சைக்கிள்! அமெரிக்கரான ஆலன் ஜோன்ஸ் என்பவர் 1971இல் உருவாக்கிய ஒரு சிறு எண்ணியை முன்சக்கரத்தில் பொருத்தி, நாடாவால் அளந்து வைத்த ஒரு நேர்கோட்டில் முதலில் ஓட்டிப் பார்த்து, சக்கரத்தின் சுழற்சிக்கு எத்தனை மீட்டர் என்று தீர்மானித்துக்கொண்டு, பிறகு பாதை முழுவதையும் சைக்கிளிலேயே அளக்கிறார்கள். திருப்பங்களில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடுபவர் எடுக்கக்கூடிய ஆகக் குறுகிய வழியிலேயே சக்கரம் போக வேண்டும். அப்படியும் பாதை குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்துக்கு ஒன்று வீதம் கூட்டுவதால், 42.195 கிலோமீட்டர் மாரத்தானில் ஏறத்தாழ 42 மீட்டர் முதலிலேயே அதிகம். ஆயிரக்கணக்கான பேருக்கு நடுவே ஓடும் ஒருவர் அந்தக் குறுகிய வழியைப் பிடிக்க முடியாமல் அகலமாகத் திரும்புவதும், கடிகாரத்தின் நெளிந்த கோடும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலையருகே லாம்ப்டன் என்ற நில அளவையாளர் தொடங்கி, ஏழரை மைல் நீளமே உள்ள ஓர் ஆதாரக்கோட்டைச் சங்கிலியால் அளக்க 57 நாட்கள் செலவிட்டதை எண்ணிப் பார்க்கையில், தூரத்தைச் சரியாக அளப்பது எவ்வளவு கடினமான காரியம் என்பது இந்நகரத்தாருக்கு விளங்காமற்போகாது.

நூற்றுக்கு ஒன்று என்ற பிழை ஓட்டக் கடிகாரத்துக்குச் சகஜம். கிலோமீட்டருக்கு 6 நிமிஷ வேகத்தில் 10 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது 100 மீட்டர், அதாவது 36 விநாடி. உடல்நலத்துக்காக ஓடுகிறவரை இந்த 36 விநாடி ஒன்றும் செய்துவிடாது. ஆனால் காவலர் தேர்வுக்கு ஓடும் பிள்ளையின் கதை வேறு.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ளும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிஷம் 30 விநாடிக்குள்ளும் ஓடி முடிக்க வேண்டும். ஒரு விநாடி பிந்தினாலும் அந்த வருஷத்தின் உழைப்பு அத்தோடு போயிற்று. இந்த ஓட்டத்துக்கு ஜி.பி.எஸ். கடிகாரம் உதவாது என்பது என் தீர்மானமான கருத்து. வட்டமான மைதானத்தில் திரும்பிக்கொண்டே ஓடுகையில் கடிகாரம் மூலைகளைச் சீவிவிடும். அந்தந்தக் கணத்து வேகம் என்று அது காட்டும் எண்ணோ சில விநாடி பிந்தியே வருவது, அதுவும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியவை அளந்த தரையும் சாதாரண ஸ்டாப்வாட்சும்தான். 400 மீட்டர் டிராக் கிடைத்தால் மூன்றே முக்கால் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் 112 விநாடி மிஞ்சக் கூடாது. உள் தடத்தில் ஓட வேண்டும். இரண்டாம் தடத்துக்கு மாறினால் சுற்று ஏறத்தாழ 407 மீட்டராகிவிடும். டிராக் இல்லாத இடத்தில், கொத்தனாரிடமுள்ள 30 மீட்டர் டேப்பைக் கேட்டு வாங்கி, கிரவுண்டில் 200 மீட்டர்ச் சுற்று ஒன்றைச் சுண்ணாம்பால் போட்டுக்கொண்டால், ஏழரைச் சுற்று, சுற்றுக்கு 56 விநாடி. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு ஓடிப் பழகியவன், தேர்வு நாளில் யாரும் நேரம் சொல்லாமலே தான் முந்துகிறோமா பிந்துகிறோமா என்பதைக் கால்களாலேயே அறிந்துகொள்வான். ஆயிரங்களைக் கடன் வாங்கிக் கடிகாரத்தில் போடுவதைவிட அந்தப் பணத்துக்கு ஒரு ஜோடி நல்ல ஷூவும் முட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள், தம்பிகளே. 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த இப்பகுதியில், விளையாட்டுத் திடல் ஒவ்வொன்றிலும் அளந்து கோடு போட்ட ஒரு சுற்றுப்பாதையைப் பிள்ளைகளுக்கு அமைத்துக் கொடுப்பது மிகச் சொற்பச் செலவில் முடியக்கூடிய காரியம். அதை அவர்கள் கேட்டுப் பெறும் நிலையில் வைத்திருக்கலாகாது.

நீண்ட தூரம் ஓடுகிறவருக்கோ, நேப்பியர் பாலத்தில் தொடங்கித் தெற்கே போகும் சென்னை மாரத்தானுக்குத் தயாராகிறவருக்கோ ஜி.பி.எஸ். கடிகாரம் மெய்யாகவே துணை செய்யும். அவர் கடைக்குப் போகையில் முதலில் கவனிக்க வேண்டியது, அட்டைப்பெட்டியின்மேல் பொறித்த 'ஜி.பி.எஸ்.' என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்திருக்கும் உண்மையை. மலிவு விலைக் கடிகாரங்கள் பலவற்றில் ஜி.பி.எஸ். சாதனமே கிடையாது, பையில் உள்ள கைபேசியின் ஜி.பி.எஸ்.ஸைக் கடன் வாங்கிக் காட்டுகிறவை அவை. 'போன் இல்லாமல் தனியாக ஓடினால் மேப் வருமா?' என்று நேரடியாகக் கேட்டு, வரும் என்று கடைக்காரர் செய்து காட்டிய பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

இரண்டாவது, பொத்தான்கள். சென்னையின் புழுக்கத்தில் மூன்றாவது கிலோமீட்டரிலேயே விரல் நனைந்துவிடும். நனைந்த விரலுக்குத் தொடுதிரை பணியாது. லேப் அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்க முடியாமல் எரிச்சல்தான் மிஞ்சும். அழுத்தினால் 'டக்'கென்று உணரக்கூடிய பொத்தான்கள் உள்ள கடிகாரமே ஓட்டத்துக்குரியது. 2021இல் வந்த கார்மின் ஃபோர்ரன்னர் 55 தொடுதிரையே இல்லாமல் ஐந்து பொத்தான்களோடும் 37 கிராம் எடையோடும் இருப்பது, புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் மனத்துக்குப் பிடித்த தேர்வு. இரட்டை அலைவரிசை வேண்டும் என்று தீர்மானித்தவருக்கு 2022இன் ஃபோர்ரன்னர் 255, 2023இன் கோரோஸ் பேஸ் 3 ஆகிய இரண்டும் உண்டு. கார்மின் நிறுவனத்தின் ஃபோர்ரன்னர் 165 கண்ணைப் பறிக்கும் திரையோடு 2024இல் வந்தபோதிலும், அதில் இரட்டை அலைவரிசை இல்லை. புதியதெல்லாம் மேலானது என்ற நம்பிக்கைக்கு அது நல்ல மறுப்பு. ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா துல்லியத்தில் குறைந்ததன்று. ஆனால் அதே நிறுவனத்துக் கைபேசி இல்லாதவருக்கு அது பயன்படாது. பாட்டு, பணம் செலுத்தும் வசதி, வண்ண வண்ண முகப்புகள் ஆகியவற்றைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு எதுவுமில்லை.

இதயத்துடிப்பை மணிக்கட்டில் அளக்கும் பச்சை ஒளி, நிதானமான ஓட்டத்தில் ஓரளவு மெய் சொல்லும். வேகமாக ஓடி, நின்று, மறுபடி வேகமெடுக்கும் பயிற்சியிலோ, கை வீச்சின் தாளத்தையே இதயத்தின் தாளமாக எண்ணி ஏமாறிப்போவதுண்டு. துடிப்பின் கணக்கு மெய்யாகவே தேவைப்படுகிறவர், குறிப்பாக வைத்தியர் வரம்பு சொல்லி அனுப்பியிருப்பவர், மார்பில் கட்டும் பட்டை ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்; பின்லாந்தின் போலார் நிறுவனம் கம்பியில்லாமல் துடிப்பைச் சொல்லும் கருவியைக் கொண்டுவந்த 1982 முதல் இன்றுவரை அதைவிட நம்பகமான வழி ஓட்டக்காரருக்குக் கிடைத்தபாடில்லை.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது ஒன்று. வியர்வையின் உப்பும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து, கடிகாரத்தின் முதுகில் சார்ஜ் ஏற்றும் சிறு உலோகப் புள்ளிகளில் பச்சையும் வெண்மையுமாகப் படிந்து, சில மாதங்களில் அரித்துவிடுகின்றன. ஓட்டம் முடிந்ததும் குழாய்த் தண்ணீரில் கழுவி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அந்தப் புள்ளிகளை மெல்லத் தேய்த்து, ஈரம் முற்றிலும் உலர்ந்த பிறகே சார்ஜில் போட வேண்டும். கடிகாரப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு உறங்கினால் தோலும் புண்ணாகாது.

இத்தனை விலை கொடுத்து வாங்கிய எந்தக் கடிகாரமும், நாம் உள்ளிழுக்கும் காற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட கணிப்பில், மிகக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளுள் ஒன்றாக மணலி இடம்பெற்றது. ஓடும்போது நாம் இழுக்கும் காற்றோ, சும்மா இருக்கையில் இழுப்பதைப்போலப் பன்மடங்கு. மணலியில் நிறுவப்பட்டுள்ள காற்றுத்தர நிலையத்தின் அளவுகளை வாரியம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறது; ஷூவின் கயிற்றைக் கட்டுவதற்கு முன் கைபேசியில் அதைப் பார்த்துவிடலாம். 'மோசம்' என்று அது சொல்லும் காலையிலும், ரசாயன நெடி மூக்கில் ஏறும் காலையிலும், கடிகாரம் 'இன்று 12 கிலோமீட்டர்' என்று எவ்வளவு அழகாக நினைவூட்டினாலும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி செய்யுங்கள்.